வெக்கேஷன் சோதனைகள்: மஞ்சள் தாள், ஓலைக் காற்றாடி, பாட்டில் மழைமானி

கோடை விடுமுறை விட்டதும் வினிகரையும் சோடாவையும் கலந்து எரிமலை பொங்க வைக்கிற வீடியோக்கள்தான் போனில் வந்து விழும். பொங்கும், பிள்ளைகள் கை தட்டுவார்கள், அத்தோடு சரி. எனக்கு அதில் பெரிய ஈடுபாடு இல்லை. பாலக்காட்டின் கிழக்குக் கோடியில் இருக்கிற கொழிஞ்சாம்பாறை, வடகரப்பதி, எருத்தேம்பதி பக்கத்துப் பிள்ளைகளுக்குச் சோதித்துப் பார்க்க வேண்டிய விஷயங்கள் வாசலிலேயே கிடக்கின்றன. இங்கே ஏன் இப்படிக் காற்றடிக்கிறது? மேற்கே மலையடிவாரத்து மன்னார்க்காட்டுப் பக்கம் கொட்டுகிற மழை இங்கே ஏன் தலையைக் காட்டிவிட்டுப் போய்விடுகிறது? போர் தண்ணீரில் சோப்பு ஏன் நுரைப்பதே இல்லை?

கீழே உள்ளவை நாலாம் வகுப்புக்கு மேல் படிக்கிற யாரும் செய்யக்கூடியவை. கத்தி, சுண்ணாம்பு, ஸ்பிரிட் மூன்றையும் மட்டும் பெரியவர்கள் கையாளட்டும்.

மஞ்சள் தாள்

வேண்டியவை: மஞ்சள் தூள் ஒரு ஸ்பூன், கைக்குத் தடவும் சானிடைசர் திரவம் அல்லது சர்ஜிகல் ஸ்பிரிட் கால் டம்ளர், கோடு போடாத வெள்ளைத் தாள், பழைய பிரஷ்.

1. தூளை ஸ்பிரிட்டில் கலக்கிப் பத்து நிமிடம் தெளிய விடுங்கள். அடுப்பு எரிகிற இடத்தில் வேண்டாம், ஸ்பிரிட் சட்டென்று தீப்பிடிக்கும். தண்ணீரிலும் கலக்கலாம், ஆனால் மஞ்சளின் நிறம் தண்ணீரில் சரியாகக் கரையாது, தாளில் திட்டுத் திட்டாகத்தான் பிடிக்கும்.
2. மேலே தெளிந்த மஞ்சள் நீரை மட்டும் தாளில் ஒரே சீராகத் தடவுங்கள்.
3. நிழலில் உலர்த்துங்கள். வெயிலில் வைத்தால் நிறம் வெளுத்துவிடும். அதையே அப்புறம் ஒரு வேலைக்குப் பயன்படுத்தப்போகிறோம்.
4. தாளை விரல் அகலப் பட்டைகளாக வெட்டுங்கள்.

இப்போது ஒவ்வொரு பட்டையிலும் ஒவ்வொரு சொட்டு: எலுமிச்சைச் சாறு, புளித்தண்ணீர், சோப்புத் தண்ணீர், சுண்ணாம்பு கரைத்துத் தெளிந்த நீர். முதல் இரண்டில் மாற்றம் தெரியாது. சோப்பிலும் சுண்ணாம்பிலும் செக்கச்செவேல் என்று சிவக்கும். மஞ்சளில் இருக்கிற குர்குமின் என்ற நிறப்பொருள் காரத்தைத் தொட்டால் சிவக்கும், அமிலத்தில் மஞ்சளாகவே இருக்கும். சிவந்த இடத்தில் எலுமிச்சை பிழிந்தால் மறுபடியும் மஞ்சளாகிவிடும். பாட்டி ஆரத்தி கரைக்கும்போது நடப்பதும் இதேதான். கோயிலில் குருதி பூஜைக்குக் கலக்கும் சிவப்பு நீரும் மஞ்சளும் சுண்ணாம்பும் சேர்ந்ததுதான்.

தெளுவு (பதநீர்) கிடைக்கிற காலமென்றால் அதிலும் ஒரு பட்டையை நனைத்துப் பாருங்கள். கள்ளாகப் புளித்துவிடாமல் இருக்கத்தான் பானையின் உள்பக்கம் சுண்ணாம்பு தடவிக் கட்டுகிறார்கள். சுண்ணாம்பு தூக்கலாக இருந்தால் பட்டை காட்டிக்கொடுத்துவிடும்.

மஞ்சள் தாளுக்கு ஒரு குறை உண்டு: அமிலத்தைத் தனியாகக் காட்டாது. அதற்குச் சிவப்புச் செம்பருத்தி. நாலைந்து பூவின் இதழ்களை வெந்நீரில் ஊற வைத்து வடித்த சாற்றில் எலுமிச்சை விட்டால் பளிச்சென்ற இளஞ்சிவப்பு, சோப்புத் தண்ணீர் விட்டால் பச்சை.

சரி, வெயில் விஷயத்துக்கு வருவோம். உலர்ந்த மஞ்சள் தாள் ஒன்றின் மேல் தட்டையான இலையையோ வேப்பங்கொத்தையோ வையுங்கள். மேலே கண்ணாடித் துண்டு வைத்து அழுத்தி, மொட்டை மாடியில் உச்சிவெயிலில் இரண்டு மூன்று மணி நேரம் விடுங்கள். வெயில் பட்ட இடம் வெளுத்து, இலை மறைத்த இடம் மட்டும் மஞ்சளாக நிற்கும். அதன் மேல் சாப்பாட்டுச் சோடா கரைத்த நீரைப் பிரஷ்ஷால் தடவினால் இலையின் உருவம் செம்பழுப்பாக எழுந்து வரும். கேமரா இல்லாமல் வெயிலே எடுத்துக் கொடுத்த படம் அது. சுவரில் மாட்ட வேண்டாம், வெளிச்சத்தில் மங்கிவிடும், நோட்டுக்குள் வைத்துக்கொள்ளுங்கள். ஏப்ரல் மாதப் பாலக்காட்டு வெயிலுக்கு இப்படி ஒரு உபயோகமாவது இருக்கட்டும்.

ஓலைக் காற்றாடி

வேண்டியவை: பச்சைப் பனையோலை, நீளமான வேலிக்கருவை முள் ஒன்று, காலியான பேனா ரீபிள், காய்ந்த சோளத்தட்டை ஒரு முழம்.

1. ஓலையில் ஒரு சாண் நீளம், இரண்டு விரல் அகலத்துக்கு இரண்டு பட்டைகள் வெட்டுங்கள். இரண்டும் ஒரே அளவாக இருக்க வேண்டும்.
2. கூட்டல் குறிபோலக் குறுக்கே வைத்து, நடுவில் முள்ளால் துளையிடுங்கள்.
3. நாலு இறக்கை கிடைத்துவிட்டது. நடுவிலிருந்து வெளியே பார்த்தபடி, ஒவ்வொரு இறக்கையிலும் வலது ஓரத்தை மட்டும் பாதி அகலத்துக்கு உங்கள் பக்கமாகச் சாய்வாக மடியுங்கள். நாலும் ஒரே கைப்பக்கம் மடிந்திருந்தால்தான் சுற்றும். ஒன்று மாறினாலும் தடுமாறும்.
4. முள்ளில் முதலில் இறக்கைகளைக் கோர்த்து, அப்புறம் ரீபிளில் அரை விரல் அளவு வெட்டிய துண்டைக் கோருங்கள். அது இறக்கை தட்டையில் உரசாமல் பார்த்துக்கொள்ளும்.
5. முள்ளின் கூரான நுனியைச் சோளத்தட்டையின் சோற்றுப் பகுதியில் குத்துங்கள். மறுபக்கம் நுனி வெளியே வந்தால் ஒரு துண்டு தட்டையைச் செருகி மூடிவிடுங்கள்.

குந்துமணியை மணிக்குப் பதிலாகக் கோர்க்க வேண்டாம். அழகாக இருக்கும், ஆனால் விதை விஷம்.

காற்றாடி சுற்றினால் மட்டும் போதாது, அதை வைத்து அளக்க வேண்டும். ஒரு இறக்கையில் மையால் பட்டையாக அடையாளம் போட்டு, பத்து நொடியில் எத்தனை சுற்று என்று எண்ணுங்கள். கண்ணால் எண்ண முடியாத வேகம் என்றால் போனில் ஸ்லோமோஷனில் எடுத்து எண்ணலாம். திண்ணையில் ஒரு முறை, வயல் வரப்பில் ஒரு முறை. மூன்றாவதாக, காற்று வருகிற திசைக்கு நேராக இரண்டு வீடுகளுக்கு நடுவே போகும் சந்தில் ஒரு முறை. பெரும்பாலும் சந்துதான் ஜெயிக்கும். அகலமாக வந்த காற்று ஒடுங்கிய வழியில் நுழையும்போது வேகம் கூட்டித்தான் போக வேண்டியிருக்கிறது.

இதைத்தான் பெரிய அளவில் நம் ஊரில் மலைகள் செய்கின்றன. வடக்கே நீலகிரி, தெற்கே ஆனைமலை, நடுவில் சுமார் 30 கிலோமீட்டர் அகலத்துக்குத் திறப்பு. மேற்குத் தொடர்ச்சி மலையில் இதைவிடப் பெரிய திறப்பு கிடையாது. ஜூன் முதல் செப்டம்பர் வரை மேற்கிலிருந்து வரும் காற்றுக்கும், மார்கழி, தை மாதங்களில் கிழக்கிலிருந்து வரும் வறண்ட காற்றுக்கும் இதுதான் வாசல். கஞ்சிக்கோட்டில் காற்றாலைகள் நிற்பதும் இதனால்தான். காற்றாடியைக் கிறிஸ்துமஸ் லீவிலும் எடுத்து எண்ணிப் பாருங்கள், முகம் திரும்பி நிற்கும்.

பாட்டில் மழைமானி

1. பக்கங்கள் நேராக இருக்கிற இரண்டு லிட்டர் பாட்டிலின் கழுத்துப் பகுதியைத் தோளுக்குக் கீழே வெட்டுங்கள். இடுப்பு ஒடுங்கிய பாட்டில் உதவாது.
2. அடியில் கூழாங்கல் போட்டு, மேடு பள்ளமான அடிப்பாகம் மூழ்கும்வரை தண்ணீர் ஊற்றுங்கள். அந்த மட்டம்தான் பூஜ்யம். அங்கிருந்து மேலே ஸ்கேல் ஒன்றை டேப்பால் ஒட்டுங்கள்.
3. வெட்டிய கழுத்தை மூடி இல்லாமல் தலைகீழாகப் புனல்போலக் கவிழ்த்து வையுங்கள்.
4. மரம், கூரை எதுவும் மறைக்காத வெட்டவெளியில் பாதி புதைத்து வையுங்கள்.

தினமும் காலை 8.30 மணிக்கு அளவு பார்த்து எழுதுங்கள். இந்திய வானிலைத் துறையும் அந்த நேரத்தில்தான் 24 மணி நேர மழையைக் கணக்கெடுக்கிறது; 2.5 மில்லிமீட்டராவது பெய்தால்தான் அதன் கணக்கில் அது மழை நாள். எழுதிய பிறகு நீர்மட்டத்தைப் பூஜ்யத்துக்குக் கொண்டுவர மறக்க வேண்டாம். ஸ்கேலில் ஒரு மில்லிமீட்டர் என்றால், ஒரு சதுர மீட்டர் நிலத்தில் ஒரு லிட்டர் தண்ணீர் விழுந்திருக்கிறது.

மன்னார்க்காட்டுப் பக்கம் மாமா வீடோ சித்தி வீடோ இருந்தால் அங்கேயும் ஒன்று வைக்கச் சொல்லி, வாட்ஸ்அப்பில் கணக்கை ஒப்பிடுங்கள். கோடை இடிமழை இடத்துக்கு இடம் மாறும், அதை நம்பி முடிவு கட்ட வேண்டாம். ஜூன் 1 வாக்கில் பருவமழை தொடங்கிய பிறகுதான் வித்தியாசம் தெளிவாகத் தெரியும். ஈரக்காற்று மேற்கே மலைச்சரிவில் ஏறும்போது குளிர்ந்து கொட்டிவிடுகிறது. நம் ஊர்கள் இருக்கிற சித்தூர் தாலுகாவின் கிழக்குக் கோடி மழை மறைவுப் பகுதி.

நுரைச் சோதனை

இது ஐந்து நிமிட வேலை. ஒரே மாதிரி இரண்டு பாட்டில்கள். ஒன்றில் போர் தண்ணீர், இன்னொன்றில் முற்றத்தில் பாத்திரம் வைத்துப் பிடித்த மழைநீர், இரண்டிலும் ஒரே அளவு. குளிக்கிற சோப்பைச் சீவிக் கரைத்து, பத்துச் சொட்டு விட்டு, முப்பது முறை குலுக்குங்கள். ஷாம்பூவும் துணிப் பவுடரும் வேண்டாம், அவை கடின நீரிலும் நுரைக்கும். போர் தண்ணீரில் கால்சியம், மக்னீசியம் உப்புகள் அதிகமிருந்தால் சோப்பு அவற்றோடு சேர்ந்து வெள்ளை ஆடையாகத் திரிந்துவிடும், நுரைக்கு மிஞ்சாது.

அதே போர் தண்ணீரைப் பத்து நிமிடம் கொதிக்க வைத்து, ஆறவிட்டு, வடிகட்டி மறுபடியும் குலுக்குங்கள். நுரை கூடினால், உப்பில் ஒரு பங்கு கொதித்ததில் பிரிந்து போயிருக்கிறது. போன இடத்தையும் பார்க்கலாம்: வெந்நீர்ப் பாத்திரத்தின் அடியில் படிந்திருக்கும் வெள்ளைப் பொருக்கைச் சுரண்டி எலுமிச்சைச் சாறு விடுங்கள். குமிழி கிளம்பினால் அது கால்சியம் கார்பனேட்.