கத்தியில் பெயர் எப்போது விழ வேண்டும்

புதிதாகக் கத்திப் பட்டறை போடுகிறவர்கள் என்னிடம் முதலில் கேட்பது உலையைப் பற்றியல்ல, முத்திரையைப் பற்றித்தான். "பேரை எப்படிப் பதிக்கிறது?" முதல் கத்திக்கு இன்னும் கூரே வந்திருக்காது, பெயருக்கு மட்டும் நாலு விதமாக வரைந்து வைத்திருப்பார்கள். நானும் அப்படி இருந்தவன்தான், அதனால் சிரிப்பதில்லை. ஆனால் எப்படி என்பதைவிட எப்போது என்பதில்தான் விஷயம் இருக்கிறது.

உருக்கு அச்சை வைத்துச் சுத்தியலால் அடிப்பது பழைய வழி. இரும்பு பழுத்திருக்கும்போதோ, பழுக்கவைத்து மெதுவாக ஆறவிட்டு இளக்கிய பிறகோதான் அடிக்கலாம். பதம் ஏற்றிய, அதாவது பழுக்கவைத்து எண்ணெயில் தோய்த்துக் கெட்டியாக்கிய கத்தியில் கூடாது. ஆரம்பத்தில் ஒரு கத்தியில் முத்திரை போட மறந்துவிட்டு, 'லேசாகத் தட்டினால் என்ன' என்று தட்டினேன். கத்தி கண்ணாடி மாதிரி இரண்டாகப் போனது. அச்சின் முனையில் ஒரு சில்லு தெறித்து என் கண்ணாடியில் பட்டது. கண்ணாடி போடாத நாளாக இருந்திருந்தால் இதை வேறு யாராவது எழுதிக்கொண்டிருப்பார்கள்.

சரியான நேரத்தில் அடித்தாலும் இடம் பார்க்க வேண்டும். பிடிக்கு முன்னால் கூர் வைக்காமல் தடிமனாக விடும் பகுதிதான் நல்லது. ஆழமான, கூரிய மூலைகள் உள்ள குழி கூர்ப்பக்கம் விழுந்தால், எண்ணெயில் தோய்க்கும்போது விரிசல் அங்கிருந்தே கிளம்பும்.

அச்சில் எனக்குப் பிடிக்காதது வேறொன்று. கத்தி தேறுமா என்று தெரிவதற்கு முன்பே பெயர் விழுந்துவிடுகிறது. தோய்த்ததும் வளைந்து போகலாம், கூர் ஓரம் சிலும்பலாம். பெயரோடு கழிவுக் குவியலில் கிடக்கும். அதனால் நான் மின்சாரத்தால் அரித்துப் பதிக்கும் முறைக்கு மாறினேன். இதற்குக் கத்தி எவ்வளவு கெட்டியாக இருந்தாலும் கவலையில்லை.

12 வோல்ட் டிசி அடாப்டர் ஒன்று போதும். பாசிட்டிவ் கம்பியைக் கத்தியில் கவ்வ வையுங்கள். நெகட்டிவ் கம்பியை, நுனியில் பஞ்சு சுற்றிய ஒரு உலோகத் துண்டில் மாட்டுங்கள். மாற்றி மாட்டினால் கத்தியில் ஒன்றும் விழாது, உலோகத் துண்டுதான் கரையும். ஒரு டம்ளர் தண்ணீரில் ஒரு கரண்டி உப்பு கரைத்து அதில் பஞ்சை நனைத்து, கத்தியில் ஒட்ட வைத்த ஸ்டென்சில்மேல் (எழுத்து வடிவம் மட்டும் திறந்திருக்கும் மெல்லிய தாள்) அழுத்துங்கள். சர்ர்ரென்று மெல்லிய சத்தம் வரும், பஞ்சின் ஓரத்தில் அழுக்கு நுரை கட்டும். நாலைந்து விநாடி அழுத்து, எடு, ஆறவிடு, மறுபடி அழுத்து. இப்படிப் பத்துப் பன்னிரண்டு முறை. ஒரேயடியாக அழுத்தினால் சூடேறி ஸ்டென்சில் ஓரம் தூக்கிக்கொள்ளும், எழுத்துக்கு மீசை முளைக்கும். பஞ்சு சொட்டச் சொட்ட நனைந்திருந்தாலும் அதே கதிதான். ஸ்டென்சிலைச் சுற்றி மிச்ச இடம் முழுவதையும் டேப்பால் மூடிவிடுங்கள். சந்தேகமான ஓட்டைக்கு நகப்பூச்சு ஒரு சொட்டு.

டிசி பள்ளம் பறிக்கும், ஏசி அந்தப் பள்ளத்தைக் கறுப்பாக்கும். ஆழம் வந்த பிறகு, வோல்ட்டைக் குறைத்துத் தரும் டிரான்ஸ்பார்மரிலிருந்து வரும் ஏசியில் சில விநாடிகள் காட்டினால் மை தடவியதுபோல் எழுத்து எடுப்பாக நிற்கும். வீட்டு மின்சாரத்தை நேராகக் கொண்டுவர நினைக்க வேண்டாம். ஜன்னலைத் திறந்து வைத்து, கையுறை போட்டுச் செய்யுங்கள். உப்புத் தண்ணீரில் மின்சாரம் ஓடினால் குளோரின் வரலாம், துருப்பிடிக்காத உருக்காக இருந்தால் அந்த அழுக்கில் குரோமியமும் இருக்கும். அதைச் செடிக்கு ஊற்றாதீர்கள்.

இதோடு முடிந்தது என்று துடைத்து வைத்தால் மாட்டிக்கொள்வீர்கள். நான் அனுப்பிய ஒரு கத்தி இரண்டே வாரத்தில் திரும்பி வந்தது. பெயரைச் சுற்றிப் பழுப்பாக ஒரு வட்டம். எழுத்துக்குள் தங்கிய உப்பு வேலையைக் காட்டிவிட்டது. இப்போது சமையல் சோடா கரைத்த தண்ணீரில் பல் தேய்க்கும் பிரஷ்ஷால் தேய்த்துக் கழுவி, காயவைத்து, எண்ணெய் பூசாமல் அடுத்த வேலையைத் தொடுவதில்லை.

தமிழில் பெயர் போடுகிறவர்களுக்கு ஒரு தனிச் சங்கடம் உண்டு. வினைலை வெட்டிச் செய்யும் ஸ்டென்சிலில் 'ண', 'ஞ', 'கு' போன்ற எழுத்துகளின் சுழிக்கு நடுவிலிருக்கும் துண்டு தனியாகக் கழன்று விழுந்துவிடும். பிறகு சுழி இருந்த இடத்தில் ஒரு கறுப்புக் கட்டிதான். சுழியில் சின்னப் பாலம் விட்டு வெட்டுங்கள், இல்லையென்றால் வலைத்துணிபோல் இருக்கும் ஸ்டென்சில் படலத்தை வாங்குங்கள். உளியால் வெட்டி அச்சு செய்வதானால் 'ட', 'ப' மாதிரி நேர்கோட்டு எழுத்துகள் கடவுள் கொடுத்த வரம். சின்ன அளவில் மெய்யெழுத்தின் புள்ளி துருக்குழி போலவே தெரியும் என்பதால் என் முத்திரையில் மெய்யெழுத்தே கிடையாது.

பெயர் ஒரு பக்கம், மறுபக்கம் ஒரு எண். என்னைக் கேட்டால் பெயரைவிட எண்தான் முக்கியம். ஒவ்வொரு எண்ணுக்கும் நோட்டில் ஒரு வரி: எந்த உருக்கு, எத்தனை டிகிரியில் தோய்த்தேன், தோய்த்த பிறகு பொடியாமல் இருக்க மிதமாக எத்தனை முறை மறுசூடு காட்டினேன், கூடவே எந்தெந்தக் கத்திகள் உலைக்குள் இருந்தன. நான் பெரும்பாலும் பயன்படுத்தும் 1084 என்ற கார்பன் உருக்கை சுமார் 815 டிகிரி செல்சியஸுக்குச் சூடாக்கி எண்ணெயில் தோய்த்து, 200 டிகிரியில் இரண்டு மணி நேரம் வீதம் இரண்டு முறை மறுசூடு காட்டுவேன். ஒருமுறை கூர் சில்லுப் பெயர்ந்து ஒரு கத்தி வந்தது. எண்ணைப் பிடித்து நோட்டைப் புரட்டினால், அன்று கரண்ட் போனதால் இரண்டாவது சூடு விட்டுப்போயிருந்தது. அதே சூட்டில் இருந்த மற்ற மூன்று கத்திகளையும் நானே கேட்டு வாங்கிச் சரிசெய்தேன். எண் இல்லாவிட்டால் யாரிடம் போய்க் கேட்பது?

பெயர் பதிக்கும் முன் நான் பார்ப்பது பித்தளைக் கம்பிச் சோதனை. தற்காலிகமாகக் கூர் வைத்து, கத்தியைச் சாய்த்துப் பித்தளைக் கம்பிமேல் அழுத்தி இழுத்தால் கூர் ஓரம் லேசாக வளைந்து நேராக வேண்டும். வளைந்தது வளைந்தபடியே நின்றால் பதம் குறைவு, பொடிந்தால் மறுசூடு போதவில்லை. தேறியதற்கு மட்டும்தான் ஸ்டென்சில். அதன் பிறகு மெருகுச் சக்கரத்தில் காட்டாமல், கட்டைமேல் மடித்த நைஸ் உப்புத்தாளால் ஒரே திசையில் இழுத்தால் எழுத்தின் ஓரம் கறாராக நிற்கும். இறுதிக் கூர் எல்லாவற்றுக்கும் கடைசியில்.

ஆர்டர் விஷயத்தில் ஒன்றே ஒன்று: பதம் ஏற்றி முடியும்வரை தேதி சொல்லாதீர்கள், முழுப் பணமும் வாங்காதீர்கள். உலை யாருடைய தேதிக்கும் கட்டுப்படாது. பட்டியல் எழுதும்போது அடிக்கும் நேரத்தை மட்டும் கணக்கில் வைத்து ஏமாறுவது வழக்கம், உப்புத்தாள் தேய்க்கும் நேரம்தான் ஆளைத் தின்னும்.

கொடுக்கும்போது தோல் உறையையும் கத்தியையும் தனித்தனியாகச் சுற்றிக் கொடுக்கிறேன். உறைக்குள்ளேயே மாதக்கணக்கில் கிடந்தால் தோலின் ஈரத்தில் முதலில் துருப்பிடிப்பது அந்தப் பெயர்தான்.