டிஷ்யூ பாக்கெட் வைத்து இடம் பிடிக்கும் டிரைவர்

தேக்கா நிலையத்தில் மதிய நேரம். பிரியாணிக் கடை வரிசையில் நிற்கும் முன் மேசையில் ஒரு டிஷ்யூ பாக்கெட்டை வைத்துவிட்டுப் போகிறோம். சிங்கப்பூரில் இதற்கு ‘சோப்’ என்று பெயர். அந்தப் பாக்கெட்டைத் தள்ளிவிட்டு யார் வேண்டுமானாலும் உட்காரலாம். ஆனாலும் பெரும்பாலும் உட்காருவதில்லை. லினக்ஸ் இயங்குதளத்தின் மையமான கெர்னலில், ஒரு சாதனத்தை இயக்கும் நிரலான டிரைவர் அதன் முகவரிகளுக்கு இடம் பிடிப்பதும் இப்படித்தான்.

‘வணக்கம்’ அச்சிடும் கெர்னல் மாட்யூல் (கெர்னலில் ஏற்றி இறக்கும் நிரல் துண்டு) ஒன்றையாவது எழுதியவர்களுக்கு இந்தப் பதிவு. வேலைக்குக் கொண்டுபோகும் மடிக்கணினியில் பழகாதீர்கள். க்யூஎமு மெய்நிகர் கணினியில் டிரைவர் கற்பவர்களுக்காகவே ‘எடு’ என்ற பயிற்சிச் சாதனம் உண்டு. எண்ணைக் கொடுத்தால் தொடர்பெருக்கம் கணக்கிட்டுத் தரும். தமிழருக்கு வாய்ப்பான பெயர்தான்.

படி 1: யார் எங்கே இருக்கிறார்கள்?

ப்ராக் கோப்புறையில் ஐஓபோர்ட்ஸ், ஐஓமெம், இன்டரப்ட்ஸ் என்ற கோப்புகளை ரூட் (நிர்வாகி) அனுமதியுடன் திறங்கள். முதல் இரண்டில் யார் எந்த முகவரியைப் பிடித்திருக்கிறார்கள் என்பது தெரியும். மூன்றாவதில் இன்டரப்ட்டுகளின், அதாவது ‘என்னைக் கவனி’ என்று சாதனம் அனுப்பும் குறிப்புகளின், எண்ணிக்கை தெரியும். அனுமதி இல்லாவிட்டால் முதல் இரண்டிலும் முகவரிகள் வெறும் சுழியங்களாகத் தெரியும். மூன்றாவதை வாட்ச் கட்டளையில் ஓடவிட்டு, மெய்நிகர் கணினியின் சன்னலில் ஓர் எழுத்தைத் தட்டுங்கள். ஐ8042 (விசைப்பலகைக் கட்டுப்படுத்தி) வரியில் எண்ணிக்கை இரண்டு கூடும்: விசையை அழுத்தியதற்கு ஒன்று, விட்டதற்கு ஒன்று.

படி 2: இடம் பிடியுங்கள்

சாதனத்தை இயக்கியபின் ‘பிசிஐ ரிக்வெஸ்ட் ரீஜியன்ஸ்’ செயற்கூற்றை அழையுங்கள். சாதனத்தின் முகவரிப் பகுதிகளை (ரீஜியன்) அது உங்கள் டிரைவர் பெயரில் பிடிக்கும். வேறு டிரைவர் முந்தியிருந்தால் மைனஸ் 16 வரும். ‘இடம் காலியில்லை’ என்று பொருள். அதோடு திரும்பிவிடுங்கள். இந்த அழைப்பே இல்லாமலும் அடுத்த படி வேலை செய்யும் என்பதுதான் ஆபத்து. இரண்டு டிரைவர்கள் சாதனத்தின் ஒரே ரெஜிஸ்டரில் (கட்டளையோ நிலையோ இருக்கும் சிறு நினைவிடம்) எழுதினாலும் கெர்னல் தடுக்காது.

படி 3: முகவரியை மாற்றுங்கள்

பௌதிக முகவரியைக் கெர்னல் நேரடியாகத் தொட முடியாது. ‘பிசிஐ ஐஓமேப்’ அதற்கு ஈடான மெய்நிகர் முகவரியைத் தரும். சுழியம் வந்தால் படி 2-இல் பிடித்ததை விட்டுவிட்டுத் திரும்புங்கள்.

படி 4: இன்டரப்ட்

‘ரிக்வெஸ்ட் ஐஆர்க்யூ’ வழியே உங்கள் கையாளியை (இன்டரப்ட் வந்ததும் ஓடும் செயற்கூறு) பதிவு செய்யுங்கள். ஐஆர்க்யூ என்பது இன்டரப்ட் வரும் இணைப்பு. அது பல சாதனங்களுக்குப் பொதுவாக இருக்கலாம். ஆகவே முதலில் சாதனத்தின் நிலை ரெஜிஸ்டரைப் படித்து, உங்களுடையது இல்லையென்றால் ‘நன்’ என்று திருப்புங்கள். 1,00,000 இன்டரப்ட்டுகளில் 99,900-க்கு மேல் யாருமே உரிமை கோராவிட்டால் கெர்னல் அந்த இணைப்பையே மூடிவிடும். உங்களுடையது என்றால், கிடைத்துவிட்டது என்று சாதனத்திடம் சொல்லுங்கள். இல்லாவிட்டால் அது கத்திக்கொண்டே இருக்கும்.

படி 5: தட்டைத் திருப்பி வையுங்கள்

2021 செப்டம்பர் முதல் உணவங்காடி நிலையங்களில் தட்டைத் திருப்பி வைக்காதவர்கள்மீது நடவடிக்கை உண்டு. கெர்னலில் அப்படி அதிகாரி யாரும் வரமாட்டார். எடுத்த வரிசைக்கு நேர் எதிராக விட வேண்டும்: முதலில் சாதனத்தின் இன்டரப்ட்டை அணையுங்கள், பிறகு ஐஆர்க்யூ, அடுத்து மேப், கடைசியில் ரீஜியன். மேப்பை முதலில் கலைத்தால், அந்த நொடியில் வரும் இன்டரப்ட் இல்லாத முகவரியைத் தொட்டுக் கெர்னல் தடுமாறும்.

நான் ஒருமுறை ரீஜியனை விட மறந்து மாட்யூலை மட்டும் அகற்றினேன். மறுபடி ஏற்றியபோது மைனஸ் 16. யார் பிடித்திருக்கிறார்கள் என்று ஐஓமெம்மைத் திறந்ததும் கெர்னலே விழுந்தது. டிரைவரின் பெயரைக் கெர்னல் நகலெடுப்பதில்லை, அது இருக்கும் இடத்தைத்தான் குறித்துவைக்கிறது. மாட்யூல் போனதும் பெயரும் போய்விட்டது. அந்த ராத்திரி இரண்டு கோப்பி ஆனது.

2007-இல் வந்த ‘டெவ்எம்’ வகைச் செயற்கூறுகள், டிரைவர் விலகும்போது தாமே எதிர்வரிசையில் எல்லாவற்றையும் விடுவிக்கும். நானும் அவற்றைத்தான் பயன்படுத்துகிறேன். ஆனால் அவை உங்கள் ‘ரிமூவ்’ செயற்கூறு முடிந்த பிறகுதான் இயங்கும். அதற்குள்ளே ஒரு நினைவகத்தைக் கையால் விடுவித்திருந்தால், இன்னும் பதிவிலிருக்கும் கையாளி அதைத் தேடி வரும்.

சோதிக்க, படி 4-இல் வேண்டுமென்றே இல்லாத ஐஆர்க்யூ எண்ணைக் கொடுங்கள். அழைப்பு தோற்றதும், அதுவரை பிடித்ததை எல்லாம் உங்கள் டிரைவர் விட்டிருக்க வேண்டும். மாட்யூலைப் பத்து முறை ஏற்றி இறக்குங்கள். ஒவ்வொரு முறையும் இறக்கும் முன்பே, ஐஓமெம்மில் உங்கள் டிரைவரின் பெயர் எங்காவது மிச்சம் இருக்கிறதா என்று பாருங்கள்.