ஈர்க்குத் துண்டால் ஹவாய்க்கு வழி பார்ப்பது

என் தம்பி மகன் ஒரு வீடியோ அனுப்பினான். ஹவாய், தஹிதி, நியூசிலாந்து போன்ற பசிபிக் தீவுகளின் பூர்வகுடிகளான பாலினேசியர்கள் அந்தக் கடலைக் கடப்பதை ஏன் நிறுத்தினார்கள் என்பது பற்றியது. 1443 வாக்கில் நியூசிலாந்துக்குத் தெற்கே ஒரு வால்நட்சத்திரம் கடலில் விழுந்ததாம், எழுந்த அலையில் எல்லாம் முடிந்ததாம். “உண்மையா பெரியப்பா?” என்று கேட்டிருந்தான். அவர்கள் எப்படிப் போனார்கள் என்று தெரிந்தால்தான் எப்படி நின்றது என்று பேச முடியும். அதனால் முதலில் ஒரு ஈர்க்கு எடுத்துக்கொண்டு கடற்கரைக்கு வரச் சொன்னேன்.

ஏப்ரல் கடைசியில், நிலா இல்லாத இரவில், பத்தரை மணி வாக்கில் போங்கள். தெற்கே கடல் தெரிய வேண்டும். எங்களுக்குக் கன்னியாகுமரி பக்கத்து மணக்குடி கடற்கரை வாய்த்திருக்கிறது. அந்த நேரத்தில் தென்சிலுவை நட்டுக்க நிற்கும். கையை முழுக்க நீட்டி ஈர்க்கைச் செங்குத்தாகப் பிடியுங்கள். நுனியைச் சிலுவையின் மேல் நட்சத்திரத்தில் வைத்து, கீழ் நட்சத்திரம் வரும் இடத்தில் நகத்தால் கீறி ஒடித்துக்கொள்ளுங்கள். ஆறு சென்டிமீட்டர் போல வரும். முழங்கை மடங்கக் கூடாது. தம்பி மகன் முதல் தடவை மடக்கிவிட்டான். அளவு கெட்டு, மறுபடி எடுக்க வேண்டியதாயிற்று.

அப்புறம் கீழ் நட்சத்திரத்திலிருந்து கடல்விளிம்பு வரை அந்தத் துண்டு எத்தனை முறை அடங்குகிறது என்று எண்ணுங்கள். மணக்குடியில் மூன்று முறை அடங்கி, கொஞ்சம் மிச்சம் இருக்கும். சென்னையில் இரண்டேகாலுக்குச் சற்று மேல். ஹவாயில் சரியாக ஒன்று. தென்பசிபிக்கில் உள்ள தஹிதி தீவிலிருந்து வடக்கே வரும் மாலுமிக்கு, சிலுவை இறங்கி இறங்கி அந்த ஒன்றுக்கு வந்துவிட்டால் ஹவாயின் அட்சரேகைக்கு வந்தாயிற்று. வேண்டுமென்றே தீவுகளுக்குக் கிழக்கே தள்ளி வந்திருப்பதால், அங்கிருந்து மேற்கே திரும்பிக் காற்றோடு போனால் போதும்.

நள்ளிரவு வரை இருந்தால் சுவாதி கிட்டத்தட்ட தலைக்கு மேல் வரும். ஹவாயில் அது உச்சியிலேயே கடக்கும். அங்கே அதன் பெயர் ஹோக்குலேயா, மகிழ்ச்சி நட்சத்திரம். 1976இல் அந்தப் பெயர் கொண்ட இரட்டைத் தோணியை, மைக்ரோனேசியாவின் சத்தவால் தீவைச் சேர்ந்த மௌ பியைலுக் ஹவாயிலிருந்து தஹிதிக்கு வழிநடத்தினார். நாலாயிரம் கிலோமீட்டருக்கு மேல், ஒரு மாதம் போல, திசைகாட்டி இல்லாமல். இந்தச் சிலுவைக் கணக்கு இன்றைய வானத்துக்கு உரியது. ஆயிரம் ஆண்டுக்கு முன் நட்சத்திரங்களின் இடம் சற்று மாறியிருந்தது. கணக்குதான் மாறும், பார்க்கும் முறை மாறாது.

இனி கதைகளுக்கு வருவோம். மூழ்கிய ‘மூ’ கண்டத்தில் தப்பியவர்கள்தான் பாலினேசியர்கள் என்பதில் நேரம் போக்க வேண்டாம். ஹவாய், தஹிதி போன்ற தீவுகள் கடலடி எரிமலைகள் வளர்ந்து உண்டானவை, மூழ்கிய நாட்டின் மலையுச்சிகள் அல்ல. திசை தவறிப் போய் ஒதுங்கியவர்கள் என்று 1956இல் ஆண்ட்ரூ ஷார்ப் என்ற ஆய்வாளர் எழுதியது கொஞ்சம் கனமான வாதம். ஆனால் திசை தவறிப் போகிறவன் தோணியில் பன்றி, கோழி, சேப்பங்கிழங்கு, ஈரப்பலாக் கன்று எல்லாம் ஏற்றிக்கொண்டா போவான்?

வால்நட்சத்திரக் கதைக்கு மூன்று கேள்வி வையுங்கள். விழுந்த பள்ளம் எங்கே? மஹுயிக்கா என்று பெயரிட்டுக் கடலடியில் ஒரு பள்ளத்தைக் காட்டுகிறார்கள். அது மோதலால் வந்தது என்று இன்னும் உறுதியாகவில்லை. அலைக்கு வேறு காரணம் உண்டா? உண்டு. பதினைந்தாம் நூற்றாண்டில் நியூசிலாந்துக் கரையைச் சுனாமி தாக்கிய தடயங்கள் இருக்கின்றன, ஆனால் அதற்கு நிலநடுக்கமே போதும். அதற்குப் பிறகு யாரும் போகவில்லையா? இதுதான் முக்கியம். குக் தீவுகளின் மங்கையாவில் ஒரு குகையில் கிடைத்த கல் வாய்ச்சிகள் (மரம் செதுக்கும் கருவிகள்) சில வெளித்தீவுக் கல்லில் செய்தவை; அவை பிற தீவுக்கூட்டங்களோடு போக்குவரத்து 1600கள் வரை இருந்ததைக் காட்டுகின்றன. 1769இல் தஹிதிக்கு அருகே உள்ள ரயாத்தேயா தீவின் மாலுமி துபாயா, கேப்டன் குக்கின் கப்பலில் ஏறி எழுபதுக்கும் மேற்பட்ட தீவுகளை வரைபடத்தில் குறிக்க உதவினார். ஒரே நாளில் அழிந்த அறிவு அப்படிப் பேசாது.

ஆனால் சுனாமியை முழுக்கத் தள்ளிவிட எனக்கு மனம் வரவில்லை. 2004இல் எங்கள் மணக்குடிப் பாலத்தையே அலை அடித்துப் போனது. வள்ளங்கள் திரும்ப வந்தன, நாங்களும் கடலுக்குத் திரும்பினோம். கோயில் உச்சியையும் மலையையும் வைத்துக் கணியம் பார்க்க, அதாவது கடலில் இடம் கண்டுபிடிக்கத் தெரிந்த பெரியவர்கள் சிலர் திரும்பவில்லை. ஒரு தீவில் தோணி கட்டத் தெரிந்தவர்கள் நாலைந்து பேரே இருந்து, அவர்களும் கரையோரம் குடியிருந்தால்? இந்த ஒரு வாதத்தைக் காற்று மாறியது, தூரத்து உறவுகளின் தேவை குறைந்தது ஆகிய காரணங்களோடு சேர்த்து எடைபோடுங்கள். மௌ தன் தீவின் வழக்கத்தை மீறி ஹவாய்க்காரர்களுக்குக் கற்றுக்கொடுத்ததும், கற்க ஆளில்லாமல் போய்விடுமே என்ற பயத்தில்தான்.

ஜூன் பிறந்தால் எங்கள் பக்கம் மேகம் மூடிவிடும். மே மாதம் பார்க்கிறவர்கள் ஒன்பது, ஒன்பதரைக்கே போய்விடுங்கள். சிலுவை அதற்குள் நிமிர்ந்துவிடும்.