‘அடுத்த மாதம் பார்க்கலாம்’ என்று சொல்லாதீர்கள்: நன்கொடை அழைப்புகளை மறுக்கும் முறை

மதிய உணவுக்குப் பின் சற்றே கண்ணயரும் நேரத்தில் தெரியாத எண்ணிலிருந்து அழைப்பு வருகிறது. நம் பெயரைச் சொல்லி நலம் விசாரிக்கும் குரல், நான்கு வயதுக் குழந்தையின் இதய அறுவை சிகிச்சைக்கு இன்று மாலைக்குள் பணம் கட்ட வேண்டும் என்றும், 500 ரூபாய் கொடுத்தாலும் போதும் என்றும் சொல்கிறது. நம்மில் பலர் இதற்குத் தரும் பதில், “இப்போது கையில் இல்லை, அடுத்த மாதம் பார்க்கலாம்” என்பதே. உறவினரிடம் இப்படிச் சொன்னால் அது நாகரிகமான மறுப்பு, கேட்டவருக்கும் புரிந்துவிடும். நன்கொடை திரட்டுவதற்கென்றே எண்களை வரிசையாக அழைப்பவர்களுக்கோ, அது மீண்டும் அழைப்பதற்கான அனுமதி.

ஆகவே முதல் அழைப்பிலேயே, காரணம் எதுவும் கூறாமல் மறுத்துவிட வேண்டும். பணமில்லை என்றால் 100 ரூபாயாவது தரலாமே என்பார்கள். வேறோர் இல்லத்துக்குக் கொடுத்துவருகிறோம் என்றால், இந்தக் குழந்தைக்கும் ஒருமுறை செய்யுங்கள் என்பார்கள். “தொலைபேசியில் கேட்பவர்களுக்கு நான் நன்கொடை தருவதில்லை, என் எண்ணை உங்கள் பட்டியலிலிருந்து நீக்கிவிடுங்கள்” என்று சொல்லிவிட்டு, மறுமொழிக்குக் காத்திராமல் இணைப்பைத் துண்டித்துவிடலாம். குரலை உயர்த்தத் தேவையில்லை. எதிர்முனையில் இருப்பவர் பெரும்பாலும் சம்பளத்துக்கு வேலை பார்ப்பவர்தான். ஆனால் நிறுவனத்தின் பெயர், அழைத்த எண், தேதி, நேரம் ஆகியவற்றைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள்; மறுமுறையும் அழைத்தால் அக்குறிப்பு புகாருக்கு உதவும்.

தொல்லை அழைப்புகளைத் தடுக்க, 1909 என்ற எண்ணுக்கு ‘ஸ்டார்ட் 0’ என்பதை ஆங்கில எழுத்துகளில் குறுஞ்செய்தியாக அனுப்பலாம். அந்த எண்ணை அழைத்தும் பதியலாம். ஆனால் இதை மட்டும் நம்பி இருந்துவிட முடியாது. இப்பதிவு தடுப்பது, முறைப்படி பதிவுசெய்துகொண்டு 140 என்று தொடங்கும் எண்களிலிருந்து விளம்பரத்துக்காக அழைப்பவர்களை. நன்கொடை அழைப்புகளோ பெரும்பாலும் சாதாரணப் பத்து இலக்கக் கைபேசி எண்களிலிருந்து வருகின்றன. மேலும், தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையத்தின் 2018-ஆம் ஆண்டு விதிமுறைகள் பொருள், சேவை, வணிகம் தொடர்பான அழைப்புகளை மனத்தில் கொண்டு எழுதப்பட்டவை என்பதால், நாங்கள் எதையும் விற்கவில்லையே என்று அறக்கட்டளைகள் வாதிட இடமுண்டு. அப்படியிருந்தும் புகாரைப் பதிவுசெய்வதே நல்லது. 2025-இல் செய்த திருத்தத்தின்படி, அழைப்பு வந்த ஏழு நாள்களுக்குள் 1909 வழியாகவோ, தொல்லை அழைப்புகளுக்கென ஆணையம் நடத்தும் டிஎன்டி செயலி வழியாகவோ புகார் அளிக்கலாம். அழைத்தவர் ஏமாற்றுக்காரர் என்ற ஐயம் எழுந்தால், மத்திய தொலைத்தொடர்புத் துறையின் சஞ்சார் சாத்தி இணையதளத்தில், மோசடி அழைப்புகளைத் தெரிவிப்பதற்கான ‘சக்ஷு’ பகுதியில் தெரிவிப்பது பொருத்தம்.

சொன்ன செய்தி உண்மையாக இருக்குமோ என்று மனம் உறுத்தினால், அழைப்பிலேயே முடிவெடுக்காதீர்கள். மருத்துவமனையின் பெயரையும் நோயாளியின் உள்நோயாளி எண்ணையும் கேட்டு வாங்குங்கள். பிறகு அவர்கள் தரும் எண்ணை விடுத்து, நீங்களே தேடி எடுத்த எண்ணில் மருத்துவமனை வரவேற்பை அழைத்து விசாரியுங்கள். தமிழ்நாட்டுக் குடும்பம் என்றால், முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் விண்ணப்பித்தார்களா என்ற கேள்வியையும் கேட்கலாம். தகுதியுள்ள குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை சிகிச்சைச் செலவை ஏற்கும் அத்திட்டத்தைப் பற்றி ஒன்றுமே தெரியாதவர் மருத்துவ உதவிக்கென நிதி திரட்டுகிறார் என்றால், அதுவே ஐயத்துக்குப் போதிய காரணம்.

தொண்டு நிறுவனங்கள் பதிவுசெய்துகொள்ளும் நிதி ஆயோக்கின் தர்பண் தளத்தில் ஓர் அமைப்பின் பெயர் இருக்கிறது என்பது அது பதிவுசெய்துகொண்டிருக்கிறது என்பதை மட்டுமே காட்டும், நேர்மைக்குச் சான்றாகாது. நன்கொடைக்கு 80ஜி வருமான வரிச்சலுகை உண்டு என்ற பேச்சும் அவ்வாறே: பழைய வரி முறையில் கணக்குக் காட்டுபவருக்கே அச்சலுகை கிடைக்கும், 2,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்த தொகைக்குக் கிடைக்காது. வீட்டுக்கே ஆள் அனுப்பி ரசீது தருகிறோம் என்பவரிடம் முகவரியைச் சொல்லவே வேண்டாம். யுபிஐ மூலம் செலுத்துவதாக இருந்தால், திரையில் தோன்றும் பெயர் அறக்கட்டளையுடையதா, தனிநபருடையதா என்று பாருங்கள். தனிநபருடையதென்றால் அங்கேயே நிறுத்திவிடுங்கள்.

ஒருமுறை கொடுத்தவர்கள் இன்னொன்றையும் சரிபார்க்க வேண்டும். ஒருமுறைக்கான தொகை என்று நினைத்து ஒப்புதல் அளித்தது, மாதந்தோறும் பணம் எடுக்கும் ஆணையாக இருந்துவிடுவதுண்டு. யுபிஐ செயலியின் ‘ஆட்டோபே’ பகுதியைத் திறந்தால் நடப்பிலுள்ள ஆணைகள் தெரியும். வேண்டாததை அங்கேயே ரத்துசெய்யலாம். ஏமாற்றப்பட்டது உறுதியானால், 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணை உடனே அழையுங்கள். பணம் கைமாறிச் செல்வதற்குள் தடுக்கும் வாய்ப்பு தொடக்கத்தில்தான் அதிகம்.

வீட்டில் வயதான பெற்றோர் இருந்தால், தெரியாத எண்கள் அனைத்தையும் ஒலிக்காமல் செய்துவிடும் வசதியை நான் பரிந்துரைக்கமாட்டேன். மருத்துவமனையிலிருந்து வரும் அழைப்பும் அதோடு போய்விடும். அதற்குப் பதிலாக, “பண விஷயமெல்லாம் என் மகள்தான் பார்க்கிறாள், நான் எதையும் முடிவுசெய்வதில்லை” என்ற வாக்கியத்தைப் பெரிய எழுத்தில் எழுதி, தொலைபேசிக்கு அருகில் ஒட்டிவையுங்கள். மகளின் எண்ணைக் கேட்டால் கொடுக்க வேண்டாம் என்பதையும் அதன் கீழேயே எழுதிவிடுங்கள்.