தியோமான் காடு நம் தோட்டம் அல்ல

மலேசியாவின் ஜொகூர் மாநிலத்தில், குளுவாங் வட்டாரத் தோட்டங்களில் வளர்ந்தவர்களுக்குக் காடு என்றால் பயம் இல்லை. ஞாயிறு காலையில் லம்பாக் மலை ஏறி இறங்குகிறோம். கண்ணைக் கட்டி விட்டாலும் செம்பனை நிரைகளுக்குள் வழி கண்டுபிடித்துவிடுவோம். தியோமான் தீவில் நம்மவர்கள் செய்யும் தவறுகளில் பாதி இந்தத் தைரியத்தால் வருபவை.

மீதிப் பாதி, தீவுக்குப் படகு ஏறும் மெர்சிங்கிலேயே தொடங்கிவிடுகிறது. தீபாவளி விடுமுறையோடு ஒட்டிப் பயணம் வைப்பார்கள். நவம்பரில் வடகிழக்குப் பருவமழை வந்துவிடும். கடல் கொந்தளிக்கும், படகுகள் குறையும். நல்ல மாதங்களிலும் ஃபெர்ரி நேரம் தினம் ஒன்றாக இருக்காது. ஆற்றின் முகத்துவாரம் ஆழமற்றது என்பதால் கடலேற்றத்தைப் பார்த்தே புறப்படும். பழைய அட்டவணையை நம்பிப் போன எங்கள் கூட்டம் படகுத்துறையிலேயே கட்டுச்சோற்றைத் தின்று தீர்த்தது.

அடுத்தது பாராங் என்னும் வெட்டுக்கத்தி. வெளிக்காட்டு வேலை பார்த்த கைக்கு, குறுக்கே கிடக்கும் கொடியெல்லாம் களையாகத் தெரியும். தோட்டத்தில் அதை வெட்டினால் சம்பளம். வனவிலங்குக் காப்பகமான இந்தக் காட்டில் வெட்டினால் குற்றம். ரஃப்லேசியா பூவை நினைத்துப் பாருங்கள். அதற்கு இலையும் இல்லை, தண்டும் இல்லை. காட்டுத் திராட்சை இனக் கொடி ஒன்றின் உடம்புக்குள் ஒளிந்து வாழ்ந்து, ஒருநாள் முட்டைக்கோஸ் போல மொட்டாக வெளியே வரும். மொட்டு விரியப் பல மாதங்கள் ஆகும். விரிந்த பூ ஒரு வாரம்கூடத் தாங்காது. கொடியை வெட்டினால் பூவும் போயிற்று. படமெடுக்கும் அவசரத்தில் பாதையை விட்டு இறங்குபவர் பக்கத்து மொட்டை மிதித்துவிடுவதும் உண்டு. வீட்டு வாசலுக்கு ஆகுமே என்று ஆர்க்கிட் செடியைப் பிடுங்கிப் பையில் போடும் அத்தைமார்களுக்கும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

பத்துமலையில் குரங்குக்கு வாழைப்பழம் நீட்டிய பழக்கம் இங்கேயும் கை நீட்ட வைக்கும். இரண்டு இடத்திலும் இருப்பது ஒரே நீளவால் குரங்குதான். ஊட்டிப் பழக்கிவிட்டால், கையில் ஆடும் பிளாஸ்டிக் பையைக் கண்டதுமே பாயும். சாப்பாட்டை முதுகுப்பைக்குள் வைத்து மூடிவிடுங்கள்.

தீவின் தெக்கெக் கிராமத்திலிருந்து ஜுவாரா கிராமத்துக்குக் காட்டுப் பாதை ஏறக்குறைய 7 கிலோமீட்டர். மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு சிலிப்பரோடு கிளம்பாதீர்கள். ஈரக் கல்படிகள் வழுக்கும், மரநிழலில் சீக்கிரமே இருட்டிவிடும். காலையில் புறப்படுங்கள். திரும்பி வர ஜுவாராவில் ஜீப் கிடைக்கும். ஏறுவதற்கு முன்பே கூலியைப் பேசிக்கொள்ளுங்கள்.