வளைவுத் தையலில் சொந்தமாக ஒரு குவில்ட் பிளாக்

பிரின்சஸ் கட் பிளவுஸ் தைக்கத் தெரிந்தவர்களுக்கு வளைவு வைத்த குவில்ட் பிளாக், அதாவது துணித் துண்டுகளை இணைத்துத் தைக்கும் போர்வையின் ஒரு சதுரக் கட்டம், பெரிய விஷயமே இல்லை. உள்ளே குழிந்த ஓரத்தையும் வெளியே புடைத்த ஓரத்தையும் சேர்த்துப் பிடித்துத் தைக்கும் அதே வேலைதான் இதுவும். கஷ்டம் தையலில் இல்லை, வரைவதில் இருக்கிறது. எல்லோரும் கட்டத்தின் நடுவில் என்ன போடலாம் என்று மண்டையை உடைத்துக்கொள்கிறார்கள், வளைவு ஓரத்தை எங்கே தொடுகிறது, எப்படித் தொடுகிறது என்று பார்ப்பதில்லை. பதினாறு பிளாக்கைப் பக்கத்தில் பக்கத்தில் வைக்கும்போது கண்ணில் படுவது அந்த ஓரம்தான்.

அமெரிக்காவின் பழைய டிரங்கர்ட்ஸ் பாத் பிளாக்கைப் பாருங்கள். ஒரு சதுரத்தின் மூலையில் ஒரு கால்வட்டம், அவ்வளவுதான். அதையே திருப்பித் திருப்பி வைத்து எத்தனையோ டிசைன் எடுத்திருக்கிறார்கள். அதையே அப்படியே தைத்தால் நம்முடையது என்று சொல்ல முடியாது, ஆனால் அந்தத் திருப்பும் யோசனையை எடுத்துக்கொள்ளலாம்.

கிராஃப் தாளில் 6 இன்ச் சதுரம் போடுங்கள். நான்கு பக்கத்திலும் நடுப்புள்ளி, அதாவது 3 இன்ச்சில், குறியுங்கள். எதிரெதிர் மூலை இரண்டில் காம்பஸ் ஊன்றி 3 இன்ச் ஆரத்தில் கால்வட்டம் போட்டால் மூலைத் துண்டு இரண்டு, நடுவில் ஒரு பட்டை, ஆக மூன்று துண்டு கிடைக்கும். 1704-இலேயே பிரான்சில் செபாஸ்டியன் ட்ரூஷே ஒரே டைலைத் திருப்பித் திருப்பிப் பதித்து எத்தனை கோலம் வரும் என்று எழுதிவிட்டார். அவருடையது முக்கோணம், அதைக் கால்வட்டமாக்கியது 1987-இல் உலோகவியலாளர் சிரில் ஸ்டான்லி ஸ்மித். நாம் அதைத் துணிக்குக் கொண்டுவருகிறோம்.

இனி உங்கள் கைவரிசை. கால்வட்டம் கட்டாயமில்லை, ஒரு பக்கம் அதிகம் புடைத்த வளைவாக, கொஞ்சம் தட்டையான வளைவாக, எப்படி வேண்டுமானாலும் வரையலாம். இரண்டு விஷயத்தை மட்டும் மாற்றாதீர்கள்: வளைவு நடுப்புள்ளியில்தான் முடிய வேண்டும், ஓரத்தைச் செங்குத்தாகத் தொட வேண்டும். சாய்ந்து தொட்டால் அடுத்த பிளாக்கில் கோடு முறிந்து தெரியும். அப்புறம், ரொம்ப இறுக்கமாக வளைக்காதீர்கள், ஒன்றரை இன்ச் ஆரத்துக்குக் கீழே போனால் தைக்கிறவர் அழுதுவிடுவார். கடையில் விற்கும் அக்ரிலிக் அச்சு எனக்குப் பிடிப்பதில்லை, வேறு யாரோ வரைந்த வளைவுக்கு எதற்குக் காசு? பழைய எக்ஸ்ரே ஃபிலிமில் வரைந்து வெட்டிக்கொண்டால் போதும்.

நிறம்தான் பலரும் சறுக்கும் இடம். மூலை மஞ்சள், பட்டை நீலம் என்று ஒரே வகையாகத் தைத்தால் சில இடத்தில் கோடு சேரும், ஆனால் மஞ்சளுக்கு எதிரே நீலம் வந்து நிற்கும். அதனால் மூலை நீலம், பட்டை மஞ்சள் என்று மாற்றியும் ஒரு வகை வேண்டும். எந்த இடத்திலும் முதல் வகை ஒரு திருப்பத்தில் பொருந்தும், இரண்டாம் வகை மறு திருப்பத்தில் பொருந்தும். இடத்துக்கு இரண்டு வாய்ப்பு என்று 4×4 ஆக வைத்தால் 65,536 விதம் வருகிறது. தாளில் வெட்டி அடுக்கிப் பார்த்து, பிடித்த ஒன்றை முடிவுசெய்து, எந்த வகை எத்தனை என்று எண்ணிய பிறகு துணியைத் தொடுங்கள்.

துணி பருத்தி பாப்ளின் போதும். முதலில் துவைத்துச் சாயம் போகிறதா பாருங்கள், பிறகு லேசாகக் கஞ்சி போட்டு இஸ்திரி செய்யுங்கள். அச்சின் நேரான பக்கங்கள் துணியின் நேர் இழையில் இருக்கட்டும், அப்போது வளைவின் நடுப்பகுதி மட்டும் கிராஸில், அதாவது இழைக்குச் சாய்வாக, விழுந்து கொஞ்சம் இழுபடும், அதுதான் நமக்கு உதவி. வளைவு ஓரத்தில் தையலுக்குச் சரியாகக் கால் இன்ச், வெளி ஓரங்களில் அரை இன்ச் விடுங்கள். அந்த அரை இன்ச்சுக்குள் வளைவைத் தொடராமல் கோட்டை நேராகவே கொண்டுபோக வேண்டும். ரோட்டரி கட்டரில் வெட்டுவதானால் 28 மிமீ சக்கரம் வளைவுக்கு நன்றாகத் திரும்பும்.

வெட்டி வைத்ததும் இரண்டு ஓரமும் ஒட்டவே ஒட்டாது போலத் தெரியும். கால்வட்டமென்றால் மூலைத் துண்டின் வெட்டோரம் சுமார் 5.1 இன்ச், பட்டையின் ஓரம் 4.3. பயப்பட வேண்டாம், தையல் விழும் கோடு இரண்டிலும் 4.7 தான்.

பட்டையின் குழிந்த ஓரத்தில் அரை இன்ச்சுக்கு ஒன்றாக, அரைக்கால் இன்ச் ஆழத்துக்குச் சின்ன வெட்டு. இரண்டு துண்டையும் பாதியாக மடித்து நகத்தால் கீறி நடுவைக் குறித்து, நல்ல பக்கம் உள்ளே வரும்படி அங்கே ஒரு குண்டூசி, முனைகளில் ஒவ்வொன்று. பட்டை மேலே, மூலைத் துண்டு கீழே. தையல் நீளம் 2 மிமீ. சுருக்கம் வருகிற மாதிரி இருந்தால் ஊசியைத் துணிக்குள் இறக்கி நிறுத்தி, பாதத்தைத் தூக்கி, மேல் துணியைத் தடவிவிட்டுத் தொடருங்கள். இழுக்க வேண்டாம், இழுத்தால் இஸ்திரி போட்டதும் பிளாக் குடை மாதிரி எழும்பும்.

இஸ்திரியில் தையல் ஓரத்தைப் பட்டைப் பக்கமாகச் சாயுங்கள். வெட்டுகள் விரிந்து சமமாகப் படியும், மறுபக்கம் சாய்த்தால் மூலைத் துண்டின் நீண்ட ஓரம் மடிப்பு மடிப்பாகத் திரளும். பிறகு ஸ்கேலை வைத்து, இணைக்கும் தையலுக்குச் சுற்றிலும் கால் இன்ச் விட்டு, 6½ இன்ச் சதுரமாக வெட்டுங்கள், ஒவ்வொரு தையல் முனையும் மூலையிலிருந்து 3¼ இன்ச்சில் வருகிறதா என்று நான்கு பக்கமும் பார்த்துவிட்டு.

பிளாக்குகளை இணைக்கும்போது வேறு வேறு வகை பக்கத்தில் வந்தால் அதிர்ஷ்டம், தையல் ஓரங்கள் எதிரெதிராகச் சாய்ந்து கச்சிதமாகப் பூட்டிக்கொள்ளும். ஒரே வகை இரண்டு அடுத்தடுத்து வந்தால் ஒரே பக்கம் சாய்ந்து தடிக்கும், அந்த இடத்தில் மட்டும் ஒன்றின் முனையைக் கடைசி ஒரு இன்ச்சுக்கு மறுபக்கம் திருப்பி இஸ்திரி போட்டுவிட்டு இணையுங்கள்.