வாடியிலிருந்து வாட்டு வரை: பாம்புக்கடியில் நாம் விடும் பிழைகள்

மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே உள்ள படுவான்கரையில் பெரும்போக அறுவடை தொடங்கிவிட்டால் ஆண்கள் பலருக்கு வயல் வாடியில்தான், அதாவது வயல்காவல் குடிசையில்தான், படுக்கை. தரையில் ஒரு பாய், தலைமாட்டில் ஒரு டோர்ச். கட்டுவிரியன் கடித்து வருகிறவர்களில் பெரும்பாலானோர் இப்படித் தரையில் உறங்கியவர்களே. அந்தக் கடியில் வலியும் வீக்கமும் பெரிதாக இருப்பதில்லை. பல் பட்ட அடையாளம்கூடச் சிலவேளை தெரியாது. விடியற்காலையில் வயிறு வலிக்கும், பிறகு இமை சரியும். கூட இருப்பவர்கள் தூக்கக் கலக்கம் என்றோ, குடித்திருக்கிறார் என்றோ விட்டுவிடுவார்கள். மூச்சுத் தசைகள் தளரும்போதுதான் ஓடி வருவார்கள்.

தாதியாக நான் வேலைக்கு வந்த புதிதில் ஒரு பெரியவர், “பூச்சி கடித்துவிட்டது, மகள்” என்றார். இரவில் பாம்பின் பெயரைச் சொல்லக்கூடாது என்பது நம் ஊர் வழக்கம். அது தெரிந்தும் நான் ‘பூச்சிக்கடி’ என்றே எழுதினேன். பக்கத்தில் நின்ற மூத்த சிஸ்டர், “எங்கே படுத்திருந்தீர்கள், அண்ணன்?” என்று கேட்டார். வாடியில் என்றதும், முகட்டைப் பார்க்கச் சொன்னார். இரண்டு இமைகளும் பாதியிலேயே நின்றுவிட்டன. அன்றிலிருந்து பூச்சிக்கடி என்று யார் வந்தாலும் எங்கே, எத்தனை மணிக்கு, தரையிலா கட்டிலிலா என்று கேட்காமல் நான் பேனாவைத் தொடுவதில்லை. சந்தேகம் இருந்தால் 24 மணி நேரமாவது வாட்டில் வைத்துப் பார்க்க வேண்டும். காலையில் நன்றாக இருக்கிறார் என்று அனுப்பிவிடுவது ஆபத்து.

வயலில் நடக்கும் பிழைகளில் முதலாவது இறுக்கிக் கட்டுவது. கயிற்றால் கட்டிய காலுக்கு இரத்த ஓட்டம் நின்று சதை அழுகிவிடும். கீறுவதும் உறிஞ்சுவதும் புண்ணைத்தான் கூட்டும். செய்ய வேண்டியது எளிது: மோதிரம், காப்பு, கொலுசைக் கழற்றுங்கள். நடக்கவிடாமல் படுக்க வையுங்கள். ஒரு பலகைத் துண்டை வைத்துச் சாரத்தைக் கிழித்துத் தளர்வாகக் கட்டி, அந்தக் காலையோ கையையோ அசையாமல் வையுங்கள். பாம்பைத் தேடி அடிக்கப் போய் இன்னொருவர் கடிபடுவதும் நடக்கிறது. உடனே 1990 சுவசெரிய அம்புலன்ஸை அழையுங்கள். மழையில் வெல்லாவெளிப் பக்கத்து வீதிகளில் வெள்ளம் பாயும் நாட்களில், வண்டி எந்த இடம்வரை வர முடியும் என்று கேட்டு, நோயாளியை அங்கே தூக்கிக்கொண்டு போவதே புத்தி.

ஊரில் நாட்டு மருந்து கொடுக்கும் விஷகடி வைத்தியரிடம் முதலில் போவதால் நேரம் போய்விடுகிறது என்பது உண்மை. ஆனால் விழிப்பூட்டல் கூட்டத்தில் அவரைக் கேலி செய்து பேசுகிற தாதியின் சொல் அந்த ஊரில் ஏறாது. அவர்மேல் சனங்களுக்கு மரியாதை இருக்கிறது. அவரைத் தேடிப்போய், “ஐயா, உங்களிடம் வருகிறவரை முதலில் ஆஸ்பத்திரிக்கு அனுப்பிவிடுங்கள்” என்று கேட்பதில் நமக்கு ஒரு குறைவும் இல்லை. என் அனுபவத்தில் பல வைத்தியர்கள் மனமுவந்து ஒத்துக்கொண்டார்கள்.

இனி ஆஸ்பத்திரியில் எங்கள் பக்கத்துப் பிழைகள். புடையன் (கண்ணாடி விரியன்) கடியில் இரத்தம் உறையாமல் போகும். அதை அறியக் கட்டிலருகிலேயே 20 நிமிடச் சோதனை செய்கிறோம்: சுத்தமான, உலர்ந்த கண்ணாடிக் குழாயில் சிறிது இரத்தம், 20 நிமிடம் அசையாமல், பிறகு ஒரேயொரு முறை சரித்துப் பார்ப்பது. பிளாஸ்டிக் குழாயில் எடுத்தாலோ சவர்க்காரத்தில் கழுவிய குழாயில் எடுத்தாலோ நல்ல இரத்தமும் உறையாமல் நிற்கலாம். தேவையற்ற மருந்து ஏறிவிடும். ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை ஆட்டிப் பார்க்கிற அவசரமும் முடிவைக் கெடுக்கும். கடிகார நேரத்தை எழுதி வையுங்கள். விஷமுறி மருந்துக்கு ஒவ்வாமை வருவது சாதாரணம். ஆகவே அந்த ஒவ்வாமைக்குக் கொடுக்கும் அட்ரினலின் மருந்தை ஊசியில் ஏற்றித் தயாராக இருந்த பிறகே சேலைன் வழி மருந்தைத் திறக்க வேண்டும். முதல் ஒரு மணி நேரம் தாதி கட்டிலை விட்டு நகரக்கூடாது. குழந்தைக்கு அளவைக் குறைக்கச் சொல்லும் உறவினர்களுக்கு, பாம்பு குழந்தைக்கென்று விஷத்தைக் குறைத்து விடுவதில்லை, ஆகவே மருந்தும் பெரியவர்களுக்குரிய அளவுதான் என்று பொறுமையாக விளக்குங்கள்.

விழிப்பூட்டல் கூட்டங்களைப் பற்றிச் சொல்லாமல் விட மனமில்லை. காலை பத்து மணிக்குக் கிளினிக்கில் கூட்டம் வைத்தால் தாய்மார் வருவார்கள். கடிபடுகிறவர் அப்போது வட்டையில், அதாவது வயல்வெளியில், நிற்பார். போகம் தொடங்க முன் நடக்கும் பயிர்ச்செய்கை ஆரம்பக் கூட்டத்தில் வயல்களுக்குத் தண்ணீர் பாய்ச்சுவதைக் கவனிக்கும் வட்டைவிதானையிடம் கேட்டுப் பதினைந்து நிமிடம் வாங்குங்கள். ‘நரம்பு மண்டல நச்சு’ என்று தொடங்காதீர்கள். ஒருவரை முன்னே அழைத்து, பலகையும் சாரமும் கொடுத்துக் கட்டிக்காட்டச் சொல்லுங்கள். பிழையாகக் கட்டினால் அவிழ்த்துத் திரும்பக் கட்டட்டும். வாடிக்குப் போகிறவர் கொண்டுபோக வேண்டியவற்றில் நுளம்பு வலையைச் சேர்க்கச் சொல்லுங்கள். அதன் ஓரத்தைப் பாய்க்கு அடியில் நன்றாகச் செருகிவிட்டால் நுளம்போடு கட்டுவிரியனும் வெளியேதான் நிற்கும்.